பத்து மீட்டர்

இருபத்திரண்டு வருஷமாக டயர்க்கடைக்காரனுக்கு அக்கா புருஷன் மேல் ஒரே புகார்தான். அடித்தவனை விட்டுவிட்டு அடி வாங்கியவனைத் தண்டித்தார் மனுஷன்.

பட்டறைக்காரர்களும் தீயணைப்புக்காரர்களும் மோதிய ரக்பி இறுதி ஆட்டம் அது. அந்த வட்டாரத்தில் சட்டம் தெரிந்து விசில் ஊதுகிறவர் அக்கா புருஷன் ஒருவர்தான். பட்டறை அணி இரண்டே புள்ளி பின்னால். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். குழாய் என்று பட்டப்பெயர் வாங்கிய தீயணைப்புத் தடியன், பட்டறை அணியில் ஆடிய, பந்து கையிலேயே இல்லாத டயர்க்கடைக்காரனின் புருவத்தில் ஒரு குத்து விட்டான். விசில். பட்டறைக்குப் பெனால்டி என்று நடுவரின் கை உயர்ந்தது. கம்பத்துக்கு நேர் எதிரே. தூக்கத்தில் உதைத்தாலும் மூன்று புள்ளி, கையில் கோப்பை.

உயர்ந்த கை இறங்குவதற்குள் டயர்க்கடைக்காரன் குழாயின் தாடையில் ஒன்று வைத்தான். நடுவரின் கை அப்படியே எதிர்ப் பக்கம் திரும்பியது. பெனால்டி தீயணைப்புக்கு.

"மாமா, ரத்தம் கொட்டுது பாருங்க! அவன்தானே மொதல்ல அடிச்சான்?"

"இங்க நான் மாமா இல்ல. பத்து மீட்டர் பின்னால போ."

அவன் அசையவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசினான்.

"இன்னும் பத்து," என்று பந்தைப் பட்டறைக்காரர்கள் பக்கம் நகர்த்தினார். அவன் பேசப் பேச பந்து நகர்ந்தது. கோப்பை போனது. பட்டறை அணி அதற்குப் பிறகு ஓர் இறுதி ஆட்டத்தையும் எட்டிப் பார்க்கவில்லை.

மனுஷனுக்குப் பிழைப்பு பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எப்போது கிளம்பலாம் என்று சொல்கிற வேலை. ஊர் டிரைவர் அத்தனை பேரின் சாபத்தையும் சம்பளத்தோடு சேர்த்து வாங்குகிற வேலை. முந்திக்கொள்ள இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அங்கேயும் மைதானச் சட்டம்தான்.

"மூணே கேள்விடா. யார் ஆரம்பிச்சான்? அவனுக்கு எதிரா பெனால்டி. அடி வாங்கினவன் திருப்பி அடிச்சானா? பெனால்டி கைமாறும். யார் மேலயும் தப்பு இல்லாம ஆட்டம் நின்னுச்சா? தோளைக் கோத்துத் தள்ளுங்க, கடைசியா பந்து வெச்சிருந்தவன் பக்கம் பந்தை உள்ள போடட்டும்."

டிரைவர்கள் அவருக்கு 'பத்து மீட்டர்' என்றே பெயர் வைத்தார்கள். வீட்டில் மகள்கள் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டாலும் இதே தீர்ப்பு. முதலில் கிள்ளியவளிடமிருந்து பிடுங்குவார்; மற்றவள் திருப்பிக் கடித்தால் கிள்ளியவளிடமே கொடுப்பார். "இது வீடா மைதானமா?" என்று அக்கா கத்துவாள். அவளுக்கும் ஒரு பத்து மீட்டர் கிடைக்கும்.

அப்பேர்ப்பட்டவர் நுரையீரல் கெட்டுக் கட்டிலில் விழுந்தார். அக்கா பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்குப் போயாக வேண்டும். மதியம் மாத்திரை கொடுத்துப் புரட்டிப் படுக்க வைக்கத் தம்பிதான் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டாள். வந்தான். கிரீஸ் கையைக் கழுவிவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும். அன்றைக்குத் தப்புப் பண்ணிவிட்டேன் என்று மூச்சு நிற்பதற்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

"சொல்லுங்க மாமா. தப்புதானே?"

"மாத்திரையக் குடு."

தினமும் இதுதான் பேச்சு.

ஒரு மதியம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் குழாய். தலை நரைத்திருந்தது, உடம்பு குறையவில்லை. கையில் ஆரஞ்சுப் பை.

"என்னடா, தாடை ஒட்டிக்கிச்சா?"

"உன்னப் பார்க்க வரல. அவரப் பார்க்க வந்தேன். தள்ளு."

"தள்ளலன்னா?"

குழாய் தோளால் ஓர் இடி இடித்தான். டயர்க்கடைக்காரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். ஆரஞ்சுகள் தரையெல்லாம் உருண்டன.

உள்ளேயிருந்து விசில். அக்காவைக் கூப்பிடத் தலையணையடியில் வைத்திருந்த பழைய விசில். பாதி காற்றுதான் வந்தது. இரண்டு தடியர்களும் கையை எடுத்துவிட்டு நின்றார்கள். கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும்.

"மொதல்ல இடிச்சது அவன்," என்றார்.

"கேட்டுக்கடா!"

"பெனால்டி உனக்குத்தான். ஆனா நீ சட்டையப் பிடிச்ச. கைமாறியாச்சு." மூச்சு வாங்கினார். "அவன் வந்து உட்காரட்டும்."

"இருபத்திரண்டு வருஷம் மாமா! அன்னைக்கும் இதேதான். ஒரே ஒரு தடவ தப்புன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?"

"பத்து மீட்டர்."

அன்று மைதானத்தில் ஓரடி நகராதவன் இன்று அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான். கூடம் ஆறு எட்டில் முடிந்தது. ஆரஞ்சை மிதிக்காமல் வாசலைத் தாண்டி மாடிப்படித் தளத்தில் போய் நின்றான். குழாய் கட்டிலருகே உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரிப்பது அங்கிருந்து தெரிந்தது.

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று அங்கிருந்தே கத்தினான்.

மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றது. அதற்கடுத்த நாள் மூச்சும் நின்றது. அதனால் அவர் அவனிடம் கடைசியாகச் சொன்னது, அவன் அப்படிக் கத்தியதும் கட்டிலிலிருந்து கையைத் தூக்கிச் சொன்னதுதான்.

"இன்னும் பத்து."