எஸ்தர் மேடம் சாப்பிடாத சுண்டல்

மதுரைக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. ஆபத்தான கிருமிகளோடு புழங்குகிறவர்கள் ஒழுங்காகப் புழங்குகிறார்களா என்று பார்ப்பது வேலை. கூடுதல் சம்பளம் கிடையாது. கூடுதல் விரோதிகள் உண்டு. அந்தப் பதவியின் பெயரைச் சொன்னாலே பேராசிரியர்களுக்கு முதுகுவலி வந்துவிடும். எஸ்தர் மட்டும் தானாகப் போய்க் கேட்டு வாங்கினாள். பதிவாளர் அவளைத் தியாகி என்று நம்பி டீ வரவழைத்தார்.

அவள் தியாகி அல்ல. அவளுக்கு ஒரே ஒரு ஆசை: பேராசிரியர் சூரியபிரகாஷின் எலிக்காய்ச்சல் ஆய்வகத்துக்குத் தன் கையால் சீல் வைக்க வேண்டும்.

காரணம் பழையது. அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, பரவை வயல்களில் முழங்கால் சேற்றில் நின்று அந்தக் கிருமியைத் தேடிப் பிடித்தவள் எஸ்தர். கட்டுரை அச்சானபோது அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பேராசிரியரின் மகள் இந்துப்ரியா இருந்தாள். இந்துப்ரியா அப்போது பரதநாட்டியம் படித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லும் வரியில் ஜீப் டிரைவருக்குக்கூட இடம் கிடைத்திருந்தது. கேட்கப்போன எஸ்தரிடம், "சின்னப் புள்ளம்மா நீ, இன்னும் எம்புட்டோ எழுதுவ" என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

பதவிக்கு வந்தபின் பலமுறை சோதனைக்குப் போனாள். ஒன்றும் சிக்கவில்லை. அவள் ஸ்கூட்டி வாசலில் திரும்பும்போதே உள்ளே தகவல் போய்விடும். கிருமி ஃப்ரிட்ஜில் குளிர்ந்துகொண்டிருந்த தயிர்சாத டப்பாக்கள் மாயமாகிவிடும்.

இப்படியிருக்க, பேராசிரியரே அவளை ஆயுத பூஜைக்கு அழைத்தார். ஆய்வக உரிமத்தைப் புதுப்பிக்க டெல்லிக் குழு வரவிருந்தது. பூஜைக்கு வந்தவர்கள் பிரசாதம் வாங்குவார்களே தவிர குற்றம் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

எஸ்தர் பட்டுப்புடவையில் போனாள். கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்கு மாலை. ஃப்ரிட்ஜ் மேல் வாழையிலை, அதில் பொரி. கிருமி வெளியே பரவாதபடி காற்றை உறிஞ்சி வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். அது ஓடிக்கொண்டிருக்க, அட்டெண்டர் முத்துப்பாண்டி அதற்குள்ளேயே சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்த்த எந்தக் கிறிஸ்துமஸ் மரமும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"உள்ளுக்குள்ள எதுக்குண்ணே புகை?"

"வருசம் பூரா நமக்காக உழைக்குதுல்ல மேடம்? எம்புட்டு சமத்தா இழுத்துக்கிருது பாருங்க!"

எஸ்தர் படம் எடுத்தாள். குடும்ப ஆல்பத்துக்கென்று நினைத்துப் பேராசிரியர் சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அவள் கையில் தொன்னை நிறையச் சுண்டல் வைத்தார்கள். சாப்பிடாமல் அதையும் படம் எடுத்தாள்.

"என்ன மேடம், சாமி காரியத்துல போய்க் குத்தம் பாத்துக்கிட்டு?" என்றார் அவர், சிரிப்பு பாதியில் நின்றுபோய்.

"சாமில குத்தமே இல்ல சார். வடிகட்டிதான் பாவம்."

விடுமுறை முடிந்த காலையில் சீல் வைத்தாள். அரக்கு உருகிச் சொட்டியதை அவள் அவசரப்படாமல் ரசித்தாள். பாதுகாப்புக் குழு படங்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: புகை அடைத்த வடிகட்டியை மாற்ற வேண்டும், பேராசிரியர் உட்பட ஆய்வகத்தில் எல்லோரும் மறுபயிற்சி பெற்று எஸ்தர் வைக்கும் தேர்வில் தேற வேண்டும். டெல்லிக் குழு வருவதற்குள் தேறாவிட்டால் உரிமம் போச்சு.

தேர்வு எளிது. நீல மை பூசிய கையுறையை, தோலில் மை படாமல் கழற்ற வேண்டும். முத்துப்பாண்டி முதல் தடவையிலேயே தேறினார். பேராசிரியர் சனிக்கிழமைதோறும் முன் பெஞ்சில் உட்கார்ந்து, மணிக்கட்டு நீலமாகி வீடு திரும்பினார். டெல்லிக் குழு திங்களன்று வருகிறது என்ற கடைசிச் சனிக்கிழமை அவர் குரல் இறங்கியது.

"எஸ்தர், அந்தப் பழைய பேப்பர மனசுல வச்சுக்கிட்டு..."

"எந்தப் பேப்பர் சார்?"

அவர் மூச்சைப் பிடித்துக் கழற்றினார். அவள் அவர் கைகளைக் கைரேகைக்காரிபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு நீலம் இல்லை. பொய்யாகத் தோற்கடிக்கலாம்தான், ஆனால் பொய்ப் பெயர் போடுவது அவர் தொழில், தன் தொழில் அல்ல. தேர்ச்சி என்று எழுதப் பேனாவைத் திறந்தாள்.

சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கையுறை கழிவுப் பைக்கு வெளியே விழுந்து கிடந்தது. சுத்தக்காரரான அவர் சட்டென்று குனிந்து, வெறும் விரலால் அதை எடுத்துப் பைக்குள் போட்டார். விரல் நுனி நீலமாகியிருந்தது.

எஸ்தர் பேனாவை மூடினாள். புது ஜோடி கையுறையை எடுத்து, ஆராதனைக்குப் பூ எடுத்துக் கொடுப்பதுபோல் மென்மையாக நீட்டினாள்.

"அடுத்த சனிக்கிழமை பாப்போம் சார்."