கவிஞரின் அறையில் கேட்ட சாட்சி

எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு கல்லூரி நூலகத்தில் என் கணவருக்கு வேலை. அடிமை முறையை எதிர்த்துப் பாடிய, குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு கவிஞருக்கென்று அங்கே தனி அறை இருந்தது. கையெழுத்துப் பிரதிகள், முதற்பதிப்புகள், அவருடைய மூக்குக்கண்ணாடி கூட. ஊரில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர், இங்கே அந்த அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கவிஞர்மேல் உயிர். "உந்த மனிசன் எங்கடை ஆள்" என்பார்.

ஒரு மாலை சப்வே படிக்கட்டில் ஒருவன் இவருடைய நிறத்தைச் சொல்லித் திட்டிக் கீழே தள்ளிவிட்டான். இடக்கண் பார்வை போயிற்று. ஆளைப் பிடித்தார்கள், இவர் தானாக விழுந்தார் என்று அவன் சாதித்தான். இவர் விழுந்தபோது பின்னால் வந்துகொண்டிருந்தவர் கவிஞரின் அறைக்குப் பொறுப்பான அம்மா. அவரும் குவேக்கர்தான். அவரை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

கவிஞரின் பிறந்தநாளில் குவேக்கர்கள் அந்த அறையில் கூடுவார்கள். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள்; கடவுள் உள்ளே உந்தினால் மட்டும் எழுந்து பேசலாம். அந்த முறை நானும் போனேன். இவர் எழுந்தார். தன்னைத் தள்ளியதைக் கண்டவர் இங்கே இருக்கிறார், கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டு, வழக்குத் தேதியையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்துப்போன அடிமைகளுக்காக உருகத் தெரிந்தவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிவில், அவர்கள் வழக்கப்படி, எல்லோரும் கைகுலுக்கினார்கள். அந்த அம்மா இவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "மாட்டம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே. கையும் தந்தவை. நீர் யோசிக்காதையும், வருவினம்."

எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சே அப்படித்தான். பெரியவர்கள் மறுத்துப் பேசாவிட்டால் காரியம் முடிந்தது. பாவம், அதையே இங்கும் நம்பிவிட்டார்.

கோர்ட்டில் இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈ காக்கை கூட வரவில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போய் அந்த அம்மாவிடமே கேட்டிருக்கிறார். அவர் மழுப்பவில்லை, பொய் சொல்லுகிற ஆட்கள் இல்லை அவர்கள். சாப்பிட உட்கார்ந்தபோது இவர் எனக்குச் சொன்னார்.

"அவ கண்டவவாம். அவன் தள்ளினதை வடிவாக் கண்டவவாம்."

"பிறகேன் வரேல்லை?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு நாளும் பேசாமல் இருந்து கேட்டவவாம். போ எண்டு கடவுள் சொல்லேல்லையாம்."