என் மனைவி பக்கத்துக் கதவு

என் காரின் இடது கதவு ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கதவின் பின்முனையில், மேல் இடுக்கில் பழைய பயண அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைத்துப் பார்த்தேன். பதினொன்று நுழைந்தன. வலது கதவில் அதே இடத்தில் ஐந்துக்கு மேல் நுழையவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதே கணக்குதான்.

அது இரண்டே கதவுகள் கொண்ட பழைய பிரிட்டிஷ் கார். இரண்டு கதவு வண்டிகளில் கதவு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். இறங்கிவிட்டால் அதை மூடுவது பெரும்பாடு. முனையைக் கையால் தூக்கி, தூக்கியபடியே தள்ள வேண்டும். என் மனைவியால் அது முடியாது. அவள் இறங்கிய பிறகு நான் சுற்றிக்கொண்டு போய் மூடிவிட்டு வருவேன். அவ்வளவு பழைய வண்டிகளை இந்த ஊரில் நினைத்தபோதெல்லாம் ஓட்டவும் முடியாது. ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாட்கள் என்று ஒரு வரம்பு. துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்கு எண்ணிய எனக்கு அந்த வரம்பு பிடித்துத்தான் இருந்தது. எந்த நாள் எங்கே போவது என்று ஜனவரியிலேயே ஒரு தாளில் கட்டம் போட்டுவிடுவேன்.

கதவு ஏன் இறங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. இருக்கை தாழ்வானது. அவள் கதவின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "முருகா" என்று சொல்லித்தான் எழுந்திருப்பாள். ஒவ்வொரு முறையும் கதவு முனகும். அந்த முனகல் எனக்கு என் எலும்பிலேயே கேட்கும். சட்டைப்பையில் இருக்கும் சிறு நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, அவள் தொங்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுவந்தேன். எண்ணத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கோயில் இருக்கும் சந்தில் அவளை இறக்கிவிட்டேன். அவளோடு பஜனை பாடும் பெண்கள் மூவர் ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைப் பிடித்து எழுந்தாள். கதவு முனகியது.

"இதோட இருபத்தேழு" என்றேன் நான், இருக்கையில் இருந்தபடியே. "நீ தொங்கித் தொங்கித்தான் கதவு எறங்கிப் போச்சு."

மூவரில் இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னக்கா, பாத்தா தெரியலையே. அவ்ளோ வெயிட்டா நீங்க?"

என் மனைவி கதவைச் சாத்தினாள். மாட்டவில்லை. மறுபடி சாத்தினாள். மாட்டவில்லை. நான் இறங்கிச் சுற்றி வந்து தூக்கிச் சாத்தினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே என்னால உங்க கதவுக்குச் சிரமம் வேணாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதன் பிறகு அவள் என் காரில் ஏறவில்லை. கோயிலுக்குப் பஸ்ஸில் போனாள், மருத்துவமனைக்கு டாக்சியில் போனாள். வீட்டில் எப்போதும் போலப் பேசினாள், சமைத்தாள், என் மாத்திரைகளை எடுத்து வைத்தாள். கார் என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. நான் தாளில் போட்டிருந்த கட்டங்களின்படி ஒன்பது நாட்கள் தனியாக ஓட்டினேன். கடற்கரைச் சாலை வரை போவேன், ஒரு காப்பி குடிப்பேன், திரும்பி வருவேன். இடது இருக்கையில் என் குடை இருக்கும். ஒன்பதாவது நாள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன். அவள் இல்லாமல் எனக்குப் போவதற்கு இடமே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. கதவைச் சரிசெய்தால் வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடி வெட்டும் கடையில் ஒருவர் துவாஸில் இருக்கும் ஒரு பணிமனையைச் சொன்னார். அங்கே பழைய கார்களைப் பார்ப்பவர் பூன் லேயில் குடியிருக்கும் நம் ஆள், அறுபது வயதிருக்கும். கப்பல் பட்டறையில் தண்ணீர் புகாத இரும்புக் கதவுகளைப் பொருத்தும் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். நண்பரின் பணிமனையில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டு கார்களைச் செய்கிறார். நாற்பத்தைந்தில் ஒரு நாளைச் செலவழித்துக் காரை அங்கே கொண்டுபோனேன். ஒன்பது இடங்களில் எடுத்த இடைவெளி அளவுகளை ஒரு தாளில் அழகாக எழுதி அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "இது கதவாண்ணே, ஸ்கூல் ரிப்போர்ட்டா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தன் காப்பிக் குவளைக்கு அடியில் வைத்தார்.

பிறகு கதவைப் பாதி திறந்து, முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். முன்பக்கம், மேல் கீலில், டக்கென்று ஒரு சத்தம்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கீல் பின், அந்த ஆணி, தேஞ்சு போச்சு. அதான் ஆடுது." குனிந்து கதவு போய் மாட்டும் கொண்டியைப் பார்த்தார். அதைச் சுற்றி நான்கு பென்சில் கோடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. "இதை யாரு எறக்குனது?"

"நான்தான். மாட்ட மாட்டேங்குதேன்னு வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா."

"கதவு எறங்க எறங்கக் கொண்டியையும் எறக்கிட்டே போயிருக்கீங்க. இன்னும் நாலு வருஷம் விட்டா ரோட்டுல போய் மாட்டிக்கும் லா."

எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி தொங்குவதைச் சொன்னேன். இருபத்தேழு என்ற கணக்கையும் சொன்னேன்.

"அண்ணி எத்தனை கிலோ?"

"நாப்பத்தொம்பது."

அவர் வலப்பக்கம் போய் என் கதவைத் திறந்தார். "ஏறி உக்காருங்கண்ணே. இப்ப எறங்குங்க." ஏறினேன், இறங்கினேன். இறங்கி நின்ற பிறகுதான் என் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கதவின் மேல்விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க எத்தனை கிலோ?"

"எழுபத்திரண்டு."

"நீங்களுந்தான் தொங்குறீங்க. இந்தக் கதவு ஏன் எறங்கல?"

அவர் ஆள்காட்டி விரலை வலது கீலில் விட்டுத் துடைத்துக் காட்டினார். விரல் நுனி கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. பிறகு இடது கீலில் துடைத்தார். பழுப்புத் தூள். சுத்தியலால் தட்டி இடது பின்னை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சப்பிப் பாதி கரைந்த மிட்டாய்போல நடுவில் மெலிந்திருந்தது.

"எண்ணெய் விட்டு எவ்வளவு நாளாச்சு?"

நான் மாதம் பிறந்தால் முதல் தேதி எண்ணெய் விடுகிறவன். பதினான்கு இடங்கள், இடத்துக்கு இரண்டு சொட்டு, நோட்டில் பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் இருக்கிறது. அவருக்குக் காட்ட வேண்டும் என்றே நோட்டை எடுத்தேன். வலது கதவு மேல் கீல், வலது கதவு கீழ் கீல், முன்மூடிக் கீல் இரண்டு என்று படித்துக்கொண்டே போனேன். பதினான்கும் முடிந்துவிட்டன. இடது கதவு வரவில்லை. முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். பதினான்குதான். இடது கதவு இல்லை.

எப்படி விட்டுப்போனது என்பது அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில் ஐந்தாம் தளத்தில் என் வண்டி நிற்குமிடம் ஓரத்து இடம். அதன் இடப்பக்கம் ஒரு தூண். அந்தப் பக்கம் வேறு வண்டி வந்து இடிக்காது என்பதற்காகத் தேடிப் பிடித்த இடம் அது. தூணை ஒட்டி நிறுத்தினால் இடது கதவைத் திறக்க முடியாது. அதனால்தான் காரைக் கீழே கொண்டுவந்த பிறகே என் மனைவி ஏறுவாள். பட்டியலை எழுதியதும் அந்த இடத்தில் நின்றுகொண்டுதான். கைக்கு எட்டிய இடங்களையெல்லாம் எழுதியிருக்கிறேன். அதை அவரிடம் சொன்னேன்.

"வண்டிய நாலடி வெளிய எடுத்தா வேலை முடிஞ்சுதே" என்றார் அவர்.

"எடுத்தா ஒரு நாள் கணக்குல போயிடும்னு..."

"கார்பார்க்குக்குள்ளயா? நாலடிக்கா? யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் யாரிடமும் கேட்டதும் இல்லை. வண்டி எடுக்கும் நாளில் விட்டிருக்கலாம். அன்றைக்கு விட்டால் அவள் சேலையில் சொட்டுமே என்று ஒரு பயம். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதுப் பின்னும் அதற்கான உறையும் லேத்தில் கடைந்தெடுக்க ஒரு வாரம் ஆகும் என்றார். "கடைசி முறுக்குக்கு அண்ணியக் கூட்டிட்டு வாங்க. கப்பல்லயும் அப்படித்தான். தினமும் அந்தக் கதவத் தொறக்குற ஆளை நிக்க வெச்சுத்தான் கடைசியா முறுக்குவோம். அவங்க எங்க புடிச்சு எந்திரிக்கிறாங்கன்னு நான் பாக்கணும்."

காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாட்கள் எதுவும் சொல்லவில்லை. கதவு சரியாகிவிட்டது, வந்து உட்கார்ந்து பார் என்று மட்டும் சொன்னால் போதுமே என்று ஒரு யோசனை ஓடியது. அந்தப் பின் எப்படித் தேய்ந்தது என்று அவள் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த இருபத்தேழு கோடுகள் நோட்டில் அப்படியே இருந்தன, அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் எண்ணெய்ப் பட்டியல். நோட்டை மூடும்போதெல்லாம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. மூன்றாம் நாள் காலை அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது பின்னை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது உன் கதவுல இருந்தது. எண்ணெய் இல்லாம தேஞ்சிருக்கு."

"நீங்கதான் மாசாமாசம் விடுறீங்களே."

"உன் பக்கம் விடல."

கறிவேப்பிலைக் காம்பு அவள் கையில் நின்றது. "எத்தனை வருஷமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். "ஒன்பது."

அவள் பின்னை எடுத்து, மெலிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். "என்னாலன்னு மூணு பேரு முன்னால சொன்னீங்க. இதையும் அந்த மூணு பேரு முன்னால சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவளோடு பஸ்ஸில் போனேன். அதே சந்து, அதே மூவர். பின்னைக் காட்டி, கதவு இறங்கியது என் தவறு, இவள் தொங்கியதால் அல்ல என்று சொன்னேன். சரக்குக் கணக்கில் தவறு வந்தபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. இளையவள் என் மனைவியைப் பார்த்து, "அய்யோ அக்கா, நான் வீட்டுல எல்லார்கிட்டயும் நீங்க வெயிட்டுன்னு சொல்லிட்டேனே! இப்ப ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போடணுமா?" என்றாள். இந்த முறை என் மனைவியும் சிரித்தாள்.

மறுவாரம் இருவரும் ரயிலும் பஸ்ஸுமாகத் துவாஸ் போனோம். பணிமனைக்காரர் கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் துணி சுற்றிய பலகையை வைத்திருந்தார். கீல் இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, ஜாக்கியை ஒரு மயிரிழை ஏற்றி, மறுபடி முறுக்கினார். கொண்டியைப் பழைய இடத்துக்கே உயர்த்தினார். என் நான்கு கோடுகளையும் துணியால் துடைத்துவிட்டார்.

"உக்காருங்கண்ணி. இப்ப எப்பவும் போல எந்திரிங்க."

என் மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ முயன்றாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது வலியால் என்று எனக்குத் தெரியும். அவர் ஸ்பானரைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தார்.

"புடிச்சுக்கோ" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கதவின் மேல்விளிம்பைப் பற்றி, நாற்பத்தொன்பது கிலோவையும் அதன்மேல் போட்டு எழுந்தாள். கதவு முனகவில்லை.

"ஒண்ணு" என்றாள் என்னிடம். "எழுதிக்கோங்க."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொன்னார். ஐந்தையும் அவள் உரக்க எண்ணினாள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தவர், கடைசியில் ஒரு அட்டை அளவு உயர்த்தியே வைத்து இறுக்கினார். புழங்கப் புழங்க இறங்கி உட்காரும் என்றார். என் மனைவி இரண்டு விரலால் கதவை இழுத்தாள். அது ஒரே சத்தத்தில் மாட்டிக்கொண்டது. அவள் உள்ளே இருந்தாள். என் குடையைப் பின்னிருக்கையில் எறிந்திருந்தாள்.

இப்போதெல்லாம் காரைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்துகிறேன். தூண் என் பக்கம் வந்துவிட்டது. சற்றே தள்ளி நிறுத்தினாலும் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருக்கிறது, கழுத்தும் வலிக்கிறது. என் பக்கத்துக் கீல்களுக்கு வண்டி எடுக்கும் நாளில் எண்ணெய். நோட்டில் பதினான்கு பதினாறாகிவிட்டது, இடது கதவு மேலே முதலில் இருக்கிறது. முதல் தேதியன்று சில நேரம் என் மனைவியும் ஐந்தாம் தளத்துக்கு வருவாள். தன் கதவைத் தானே அகலத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

"மூணு சொட்டு விடுங்க" என்பாள்.

இரண்டு என்றுதான் பட்டியலில் இருக்கிறது. மூன்று விடுகிறேன்.