வண்டி ஆறணும்

என் வீட்டுக்காரர் அந்த மஞ்சள் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டே கதவு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். பின்சீட்டில் ஒரு சிப்பம் அரிசியைக்கூட நிமிர்த்தி வைக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் இருக்கிற வேகத்தடைக்கெல்லாம் இதன் அடிவயிறு தேய்ந்தே போய்விடும் என்றேன். "டர்போ வண்டி. உனுக்கு இன்னா தெரியும்" என்றார். அறுபது வயதைத் தாண்டி பந்தயக்கார் ஆசை வந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது.

ஆசை என்று ஊர் சொன்னது. அது ஆசையில்லை என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒரே பெண். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போனவள், அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். மலையாளி என்கிற மலைவாசிப் பையனாவது, நம்ம சாதிக்கு ஆகுமா என்று இவர் குதித்தார். ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "என் மூஞ்சில முழிக்காத. அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவளும் அவர் பெண்தானே. சரி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

சேலம் ரோட்டில் எங்களுக்கு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருந்தது. கேஸ்கட் எது, ஆயில் சீல் எது என்று எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்த பெண் அவள். அவள் போன பிறகு இவருக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை. அதை வாடகைக்கு விட்டுவிட்டு, புதுச்சேரிப் பக்கம் யாரோ விற்ற இந்தப் பழைய காரை வாங்கிவந்து, எங்களோடு பேச வேண்டியதையெல்லாம் அதனோடு பேச ஆரம்பித்தார்.

அந்தக் காருக்கு நடந்த உபசாரத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கிளம்பக்கூடாது. எண்ணெய் மேலே ஏறுகிறவரை கொஞ்சம் நிற்க வேண்டும். கிளம்பிய பிறகும் மாட்டுவண்டிக்குப் பின்னால் போகிறவர் மாதிரிதான் ஓட்டுவார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கூட எங்களைத் தாண்டிப் போகும். டிராக்டர்க்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு அவமானமாக இருக்கும். "மீட்டர்ல தண்ணி சூட்டு முள்ளு ஏறிடுச்சேன்னு மிதிக்கக் கூடாது. தண்ணி சீக்கிரம் சூடாவும், எண்ணெய் லேட்டாத்தான் சூடாவும். அதுக்குள்ள அவசரப்பட்டா டர்போ தேஞ்சிபூடும்" என்பார்.

நிறுத்தும்போது இன்னொரு கூத்து. வேகமாக ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கக்கூடாதாம். டர்போ நெருப்பாக இருக்குமாம். எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்றுபோய், நின்ற எண்ணெய் அந்தச் சூட்டிலேயே கருகிக் கரியாகிவிடுமாம். அதனால் வீட்டு வாசலில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். நானும் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பள்ளத்தில் இருந்து என் முழங்காலை வைத்துக்கொண்டு தனியாக எழுந்திருக்க முடியாது. என் வீட்டு வாசலில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு இரும்புச் சாமான் ஆறட்டும் என்று காத்துக்கிடந்தவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலையில் பேத்தி பிறந்தாள். நான் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு மாதம் ஒருமுறை போனேன். திரும்பி வந்தால் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் நான் சமையலறையில் யாரிடமோ பேசுகிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார். பல் முளைத்ததும், தவழ்ந்ததும், சாமைக் கஞ்சி குடித்ததும் அவருக்குத் தெரியும். கேட்டால் தெரியாது என்பார்.

ஒருநாள் நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புகிறேன், இவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "வண்டிய ஊருக்குள்ளயே ஓட்டிக்கினு இருந்தா கரி அடைச்சிக்கும். ஒரு மலை ஏத்தம் குடுக்கணும். நீ போறதான, வா, வுட்டுட்டு வரேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவேன். சிரித்தால் சாவியை ஆணியில் மாட்டிவிடுவார்.

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரைக்கும் அதே மாட்டுவண்டி ஓட்டம்தான். மலை ஆரம்பித்தது. எண்ணெய் முள்ளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அவர் அவராக இல்லை. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. எதிரே வந்த ஜீப்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது வெள்ளிமலை வந்திருந்தது. அதற்கப்புறம் சமதரை. பழையபடி மெதுவாக ஓட்டி, மகள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினார். வந்து என்னைத் தூக்கிவிட்டார். திரும்பிப் போய் ஏறிக்கொண்டார்.

"நீ போய்ட்டு வா. வண்டி ஆறணும்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பேத்தியைக் கொஞ்சி, சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி முடிக்கும்வரை ஓடியது. இரண்டு நிமிஷம் ஓடினால் போதும் என்று எனக்குப் பாடம் நடத்திய அதே மனிதர்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறி வந்த ஜீப்போ பிக்கப்போ கொதித்து நின்றால், எந்த வீட்டுக்கு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டார் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யாரும் கேட்க வேண்டியதில்லை. என் சம்பந்தியம்மாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அண்ணே, மூடிய தொறங்க, ஊத்தறேன்."

"இதுக்கு ஊத்தத் தேவையில்லம்மா. இது டர்போ" என்றார் இவர்.

"எதுவா இருந்தா இன்னாங்க. சூடுன்னா தண்ணிதான."

அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவளோ, இவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, ஆறினதும் ஊற்றிக்கொள்ளட்டும் என்று குடத்தை முன்சக்கரத்தை ஒட்டி வைத்துவிட்டு வந்துவிட்டாள். புறப்படும்போது குடத்தின் மேல் ஏற்றவா முடியும். அவர் இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. குடத்தை ஒரு சொட்டு சிந்தாமல் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் வைத்தார். நிமிர்ந்து வீட்டைப் பார்க்காமலேயே திரும்பி வந்தார். அடுத்த மாதமும் குடம் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. அவள் தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

உள்ளே என் மகள் ஜன்னல் பக்கம்கூடப் போகமாட்டாள். அடுப்படியில் இருந்துகொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருப்பாள். ஒருதடவை என்னிடம் சொன்னாள், "வெள்ளிமலையிலிருந்து மெதுவாத்தானம்மா வந்தாரு. வரும்போதே ஆறியிருக்கும்."

"அப்ப போய்ச் சொல்லேன்."

"வாணாம். ஓடட்டும். ஓடற வரைக்கும் அவுரு இருக்காருன்னு தெரியுதுல்ல."

முழிக்காதே என்று சொன்னவர் கூப்பிடாமல் இவள் முழிக்கமாட்டாளாம். மிதிக்கமாட்டேன் என்று சொன்னவர் இவள் கூப்பிடாமல் மிதிக்கமாட்டாராம். அப்பனும் மகளும் ஒரே அச்சு. நடுவில் பெட்ரோல் எரிந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை நல்ல பையன். பிக்கப் ஓட்டுகிறவன், அவனுக்கா தெரியாது. "மாமா வண்டி ஆறட்டுங்க அத்தை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான். அவ்வளவுதான் சொல்லுவான்.

பேத்திக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். எங்களுக்கோ ஒரே பெண், மாமனுக்கு எங்கே போவது. மாமன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா மடிதான். நான் இதை இவரிடம் கேட்கவில்லை, டிவி சத்தம் குறைந்திருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். மறுநாள் தானாகப் போய் வேட்டி சட்டை வாங்கிவந்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் காலையில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எண்ணெய் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றே பொழுதைக் கழித்தார். பயம் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் நேரம் போகிறதே. ஆசாரி வேறு வீட்டுக்கும் போக வேண்டும் என்று மகள் போன் பண்ணிவிட்டாள். நான் கத்தினேன். கிளம்பினார். லேட்டானதால் மலையில் மட்டுமில்லை, வெள்ளிமலை தாண்டிய சமதரையிலும் விரட்டினார். அப்படியே போய்ப் பலாமரத்தடியில் நின்றோம். வீட்டு முன்னால் வாழைமரம் கட்டியிருந்தது. புது வேட்டியை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ போ. வண்டி ஆறணும்."

எனக்கு வந்ததே கோபம். கோபம் வந்தால் என் வாயில் மரியாதை நிற்காது. "உன் பேத்தி உன்ன இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கா தெரியுமா? இந்த வண்டி சத்தம் கேட்டா ஜன்னலக் காட்டி 'தாத்தா'ங்கிறா. சத்தம் நின்னா 'தாத்தா போச்சு'ங்கிறா. அவளுக்கு நீ ஒரு சத்தம்தான். மூஞ்சி கூடக் கெடையாது."

அவர் ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்புக்கு இவ்ளோ பாக்கற. சூடா இருக்கறப்போ டக்குனு நிறுத்துனா உள்ள கருகிப்பூடும்னு எனக்குச் சொல்லிக் குடுக்கற. அன்னிக்கு அவ வந்து நின்னப்போ நீ இன்னா பண்ண? ஒரு நிமிஷம் குடுத்தியா அவளுக்கு?"

அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் அடங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் காரை அவர் அப்படிச் சூட்டோடு அணைத்து நான் பார்த்ததில்லை. முன்பக்கம் இரும்பு டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னது ஜாஸ்தியோ என்று எனக்குத் தோன்றியது. பாவம், வயதான மனிதர்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து என் மகள் ஓடிவந்தாள். பட்டுப்புடவை, கையெல்லாம் சந்தனம், காலில் செருப்பில்லை. அவர் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள். அவர் இறக்கினார்.

"இன்னாப்பா ஆச்சு? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன ஏன் வண்டி நின்னுச்சு?"

"நான்தான் ஆஃப் பண்ணேன்."

"வெரட்டிக்கினு வந்த சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுதே. டர்போல எண்ணெய் கருகிடும்பா."

"கருகட்டும்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சுற்றிவந்து, என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து நிறுத்திவிட்டு, என் இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "ஸ்டார்ட் பண்ணு" என்றாள். அவர் ஸ்டார்ட் பண்ணினார்.

கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அவர் நேரே பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ பேசினாள். பிறகு அவர் பேசினார், கொஞ்ச நேரம் பேசினார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. பிற்பாடு இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்கிறார்கள். வாசலில் ஆசாரி நேரமாகிறது என்று முணுமுணுத்தார். "செத்த இருங்க, வண்டி ஆறட்டும்" என்று சம்பந்தியம்மா அவரை அடக்கினாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

எஞ்சின் நின்றது. மகள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் வந்தார். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையருகே நின்றிருந்தான். முகத்தில் சிரிப்பில்லை, அவனுக்கும் பயம்தான். இவர் படிக்குக் கீழே நின்றார். குழந்தையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அதுவரை அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவர், நிமிர்ந்து அவனைப் பார்த்துக் கேட்டார்.

"செருப்ப எங்க வுடறது, மாப்ள?"