கிணறு பிறவியிலேயே உப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு. ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு மாதமே, "நம்ம வீட்டுக்கு இங்கிலீஷ் வந்துட்டு" என்று சொல்லி, மாமனார் பட்டறைக் காகிதங்கள் அத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டார்.

பட்டறை ஊருக்கு வெளியே, தளவாய்புரம் போகிற வழியில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, அலசிக் காயப்போடுகிற இடம். அலசுவதும் காயப்போடுவதும் பெண்கள். பக்கத்துத் தெருவிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். பட்டறைக்கென்று ஒரு கிணறு உண்டு. காலையில் மோட்டார் போட்டதும் அந்தத் தெருவே குடத்தோடு வந்து நிற்கும். மாமனார் பக்கத்தில் நின்று, "பிடிங்க, பிடிங்க, தண்ணிக்கு என்ன பஞ்சம்" என்பார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

எண்பதுகள் முழுக்க எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. தொண்ணூறுக்குப் பிறகு பொல்யூஷன் ஆபீசிலிருந்து படிவம் வந்தது. தண்ணீரை எங்கே எடுக்கிறீர்கள், எவ்வளவு எடுக்கிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. என் கணவருக்கு எரிச்சலாக வந்தது.

"கிணத்துல எடுக்கோம், பள்ளத்துல விடுதோம். இதுல கேக்க என்ன இருக்கு?"

கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் நாற்பது அடி தூரம்கூட இருக்காது. அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இரண்டு தொட்டி கட்டச் சொன்னார்கள், கட்டினோம். கட்டிய தொட்டியில் தண்ணீரையும் விட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி பார்க்க வருகிறார் என்று தாக்கல் வந்ததும், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது பட்டறை. தொட்டிக்கு வெள்ளையடித்தோம். கணவர் ஒரு படி மேலே போய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டாவது தொட்டியை நிரப்பினார். அடியில் கிடக்கும் காசு தெரியும், அப்படி ஒரு தண்ணீர்.

வந்தவர் ஒல்லியான மனிதர். அதிகம் பேசவில்லை. தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்தார். போகும்போது, படிவத்தில் எழுதியிருக்கிறதே என்று கிணற்றிலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார். "எடுக்கட்டும், கிணத்துல என்ன இருந்திரப் போகுது" என்று கணவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. உங்கள் பட்டறைக்குள் வருகிற தண்ணீரைவிட, பட்டறையிலிருந்து வெளியே போகிற தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, இது எப்படி என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் பட்டறையை மூட உத்தரவு வரும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நாங்கள் செய்த குற்றம் எது? அழுக்கா, சுத்தமா? அதுவே எனக்கு விளங்கவில்லை.

கணவர் பெரிய வக்கீல் மாதிரி ஆரம்பித்தார்.

"கிணறு பிறவியிலேயே உப்புன்னு டைப் அடிட்டி. அந்த உப்புத் தண்ணியத்தான் நாங்க தொட்டியில போட்டு நல்ல தண்ணியாக்கி விடுதோம்னு அடி. மெச்சிக்கிடுவாக."

"பிறவியிலேயே உப்பா? உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும்? நான் கேன்ல கொண்டு போறேன்லா."

இரண்டு வருடமாகப் பட்டறையில் அந்தத் தண்ணீரைத்தான் நான் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதிரி கரிக்கும். புகுந்த வீட்டுப் பட்டறைத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். புருஷன் மட்டும் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவருவது எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டேனா? என்னைப் போல ஒரு மக்கு உண்டா.

கேட்காமல் டைப் அடிக்க எனக்கு மனது வரவில்லை. துணி காயப்போடுகிற இடத்துக்குப் போய், அங்கே வயதில் மூத்தவரான அம்மாவிடம் கேட்டேன்.

"பிறவி உப்பா? என்ன தாயி இப்பிடிக் கேக்கிய. நான் வாக்கப்பட்டு வந்தப்போ எளநி மாதிரி கெடந்த தண்ணி. இப்பப் பருப்பு வேக மாட்டேங்கு. ரெண்டு வருசமா நாங்க இதக் குடிக்கிறதில்ல. குடிக்கிறதுக்குத் தோட்டத்துக் கெணத்துக்கு நடந்து போறோம்."

"பொறவு காலைல குடம் குடமாப் பிடிக்கியளே?"

"அய்யா நின்னு பெருமையாக் குடுக்காரு. வேண்டாம்னு எப்பிடித் தாயி சொல்ல? வாசத் தெளிக்க ஆச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் குடிக்கத நீங்க தெனம் பாக்கிய. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

ஒரு சின்னப் பெண்தான், துணியை உதறிக்கொண்டே சொன்னாள். "சொன்னா, கெணறு எதுனால கெட்டுச்சுன்னு பேச்சு வரும்க்கா. பட்டறைய மூடிட்டா நாங்க எங்க போக?"

அதற்கு மேல் அவர்களிடம் என்ன கோபம்? கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கணவர் எழுதச் சொன்னதையும் சொன்னேன். அவர்கள் திட்டுவார்கள் என்று நினைத்தேன். மூத்தவர் உடனே, "அப்பிடியே எழுதுங்க தாயி. நாங்களும் கையெழுத்துப் போட்டுத் தாறோம்" என்றார். யாரைக் காப்பாற்ற அந்தச் சட்டம் வந்ததோ, அவர்களே அதனிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வந்தார்கள். நன்றி சொல்வதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட வந்த அன்று மூத்தவர் இன்னொன்றும் கேட்டார். "எம்புட்டு வேகமா அடிக்கிய! அப்பிடியே எங்க தெருவுக்குக் குழாய் கேட்டு யூனியன் ஆபீசுக்கும் ஒரு மனு அடிச்சுக் குடுங்க."

"என்ன காரணம் போட?"

"உள்ளதப் போடுங்க. நல்லா இருந்த கெணறு ரெண்டு வருசமாக் கெட்டுப் போச்சுன்னு."

"இதுல பிறவி உப்புன்னு போட்டுட்டு, அதுல அப்பிடியா?"

"அது வேற ஆபீசு, இது வேற ஆபீசு தாயி."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஒரே மேஜையில், ஒரே மத்தியானத்தில், ஒரே கிணற்றைப் பற்றி மெஷினில் ஆங்கிலத்தில் ஒன்றும், கையால் தமிழில் ஒன்றும் எழுதினேன். பதினோரு பேரும் இரண்டிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். எது பொய், எது உண்மை என்று எனக்குத் தெரியும். எது சரி என்றுதான் தெரியவில்லை. இரண்டையும் நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

பட்டறைக்கு அனுமதி வந்தது. கணவர் என்னைக் கெட்டிக்காரி என்றார். நான் கேனில் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தேன். கூடவே தொட்டியில் கழிவுநீரை விடச் சொல்லித் தினமும் சண்டை போட்டேன். பாதி நாள் விட்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்து யூனியன் ஆபீசிலிருந்து பதில் வந்தது. பதினோரு பேரையும் துணிக் கொடிகளுக்கு நடுவில் உட்காரவைத்து நான்தான் படித்துக் காட்டினேன். இந்த முறை குழாய், தண்ணீர் புதிதாகக் கெட்டுப்போன தெருக்களுக்கு மட்டும்தான். இந்தக் கிணறு பற்றிப் பொல்யூஷன் ஆபீசில் விசாரித்ததில், அது பிறவியிலேயே உப்பு என்று ஏற்கெனவே எழுத்து மூலம் தரப்பட்டிருக்கிறது. ஆகவே மனு தள்ளுபடி.

மூத்தவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எவன் அப்பிடி எழுதிக் குடுத்தது?" என்று எழுந்து நின்றே கேட்டுவிட்டார்.

"நாமதான்" என்றேன்.