மூன்று குளிர்

தொண்ணூறுகளில் பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் அறைக்கு மேல்மாடியில் ஒரு ஜப்பான்காரி இருந்தாள். பாட்டுப் படிக்க வந்தவள். இருவருக்கும் இத்தாலியன் சரியாக வராது. அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது எட்டிப் பார்த்தாள்.

"கோல்ட்," என்றேன்.

கட்டிலோரம் உட்கார்ந்து, எந்தக் 'கோல்ட்' என்று யோசித்தாள். தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டி, "சமுயி?" என்றாள். தண்ணீர்க் கிளாஸைத் தொட்டு, "ட்சுமெதாய்?" என்றாள். பிறகு பொய்யாக ஒரு தும்மல் போட்டு, "கஸே?" என்றாள்.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் அறைத்தோழி சிரித்தாள். "தடிமன் எண்டு சொல்லன்."

"ஓம், தடிமன்தான்," என்று மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

"கஸே," என்று அவள் முடிவு செய்தாள். உடனே, உப்பியிருந்த யன்னல் திரையைக் காட்டி, "அதுவும் கஸே," என்றாள். காற்றுக்கும் தடிமனுக்கும் அவர்களிடம் ஒரே ஒலியாம், எழுதும்போதுதான் வேறுபடுமாம்.

காய்ச்சலில் எனக்கு அது வியப்பாகவே இல்லை. அவள் என் நெற்றியில் ஈரத்துணியை வைத்தாள். கீழே பல்லரோ சந்தை வியாபாரிகளின் கூவல் மெல்ல மெல்லத் தூரமாகியது. கடற்காற்று எனக்குள் குடிவந்து, மூச்சோடு மூச்சாகப் போய்வருவதுபோல் இருந்தது. அப்படியே உறங்கிப்போனேன்.

பின்னேரம் விழித்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. நன்றாகப் பசித்தது.