வசந்தகுமாரியின் பதினோரு பாட்டு

06.04.2024 – டேப்லெட் – 499.00
13.04.2024 – இன்டர்ஃபேஸ் பெட்டி – 189.00
13.04.2024 – மைக் – 129.00
13.04.2024 – மைக் வயர், மூன்று மீட்டர் – 22.00
20.04.2024 – மைக் ஸ்டாண்ட் – 35.00
04.05.2024 – ஹெட்போன் – 79.00
18.05.2024 – இரண்டாவது மைக், வயர் இலவசம் – 129.00
25.05.2024 – மைக்குக்கு நுரை உறை – 12.50
01.06.2024 – பவர் ஹப், சரக்கு வரவில்லை – 46.90
மொத்தம் 1,141.40 வெள்ளி.

ரத்னவேலின் நீல அட்டை நோட்டில் முதல் பக்கம் இதுதான். அடித்தல் திருத்தல் கிடையாது. கப்பல் பட்டறை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். அங்கே அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று இருந்தது. பழுதுள்ள சாமான் அலமாரிக்குப் போகக்கூடாது. நல்லதோடு பழுதை ஒருநாள் சேர்த்து வைத்தாலும், அவசரத்தில் எவனாவது அதைத்தான் எடுத்துப் போய்ப் பொருத்துவான் என்பார். ஆகவே பழுதானதை அன்றைக்கே தள்ளிவிட வேண்டும். என்ன பழுது என்பதை மட்டும் எழுதி வைக்க வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அவர் கொடுத்த சாமானால் ஒரு விபத்து நடந்ததில்லை.

மனைவி போன பிறகு புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டில் அவரும் தங்கை வசந்தகுமாரியும்தான். அவளும் கணவனை இழந்தவள். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருடம் தோசைக் கடை போட்டிருந்தாள். வீட்டில் துணி தேய்க்கும்போது மட்டும் பாடுவாள். எல்லாம் அவளே கட்டிய பாட்டு. குளிர்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்கு ஒன்று, மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாப்புக்கு ஒன்று, காயாத துணிக்கு ஒன்று. மொத்தம் பதினொன்று. வெளியே யார் கேட்டாலும் பாடமாட்டாள். கேலாங் சிவன் கோவிலில் வெள்ளிக்கிழமைப் பஜனையில்கூட உதடு மட்டுந்தான் அசையும். அந்தப் பாட்டுகளை முழுதாகக் கேட்ட ஆள் உலகத்திலேயே ரத்னவேல் ஒருவர்தான். அவருக்கோ சுருதிக்கும் தமக்கும் ஏழாம் பொருத்தம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி டாக்டர், அவள் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்றார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டி ஓடுகிறது, அதைக் காப்பாற்றப் பார்ப்போம், முடியாமலும் போகலாம் என்று படம் வரைந்தே காட்டினார். ஆபரேஷனுக்கு ஜூன் பதினெட்டு என்று நாள் குறித்தார்கள். வீடு திரும்பும் வழியில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வசந்தகுமாரி, "அண்ணே, என் பாட்டெல்லாம் எதிலயாச்சும் புடிச்சு வச்சிருங்க" என்றாள். அவள் அவரிடம் கேட்டு வாங்கிய பொருள் என்று எதுவும் கிடையாது. கேட்டது இது ஒன்றுதான்.

ரத்னவேல் தேக்கா கடைத்தெருவுக்குப் போனார். அங்கே மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு சின்னக் கடையில் ஒலி முகம்மது என்பவர் மைக், பெட்டி, வயர் எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். கல்யாண வீட்டுப் பாட்டுக் கச்சேரிகளுக்கு மைக் கட்டிப் பழகியவர். டேப்லெட்டுக்கே காது இருக்கிறது, முதலில் அதிலேயே பதிந்து பாருங்கள் என்று அவர் சொன்னார். ரத்னவேல் கேட்கவில்லை. எல்லாம் முறையாக வேண்டும் என்றார். முறை என்றால் மைக்கிலிருந்து வயர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து வயர் டேப்லெட்டுக்கு. பெட்டியில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டினால்தான் அந்த மைக்குக்கு உயிர் வரும். ரத்னவேல் இதையெல்லாம் படம் போட்டு எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் பதினான்கு, ஞாயிறு, சித்திரை முதல் நாள். பாயசம் குடித்துவிட்டு வசந்தகுமாரி மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஸ்டாண்ட் இன்னும் வாங்காததால் மைக் புத்தக அடுக்கின்மேல் படுத்திருந்தது. மூன்று பாட்டு பாடினாள். கேட்டுப் பார்த்தால் அடியில் மின்விசிறி இரைந்தது. ரத்னவேல் நோட்டில் 'மின்விசிறி' என்று எழுதினார், பதிவை அழித்தார். அழித்தவை போய்க் கிடக்கும் டேப்லெட்டின் குப்பைத் தொட்டியையும் திறந்து காலி செய்தார். அது அவர் வழக்கம்.

அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்தில் சீனர் வீட்டு இழவு. மேளமும் மணியும் எட்டு மாடி ஏறி வந்தன. எழுதினார், அழித்தார்.

மூன்றாம் ஞாயிறு, ஏப்ரல் இருபத்தெட்டு. அன்றைக்கு வீடு அப்படி அமைதியாக இருந்தது. வசந்தகுமாரிக்கும் என்ன தோன்றியதோ, ஒன்றிலிருந்து பதினொன்று வரை நிறுத்தாமல் பாடினாள். பஸ் ஸ்டாப் பாட்டில் 'வந்த பஸ்ஸெல்லாம் உன் பஸ்ஸில்ல, நின்னு பாரு நெஞ்சே' என்று ஒரு இடம் வரும். அந்த இடத்தில் குரல் மேலே போய் ஒரு கணம் நின்று இறங்கும். ரத்னவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது.

பிறகு அவர் திரையைப் பார்த்தார். பாட்டு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று காட்டும் இடத்தில் பெட்டியின் பெயர் இல்லை. வயரைக் கழற்றி மாட்டியபோது டேப்லெட் தன் சொந்தக் காதுக்குத் திரும்பிவிட்டிருக்கிறது. நூற்றிருபத்தொன்பது வெள்ளி மைக் சும்மா நின்றிருக்கிறது.

இருவரும் கேட்டார்கள். பாட்டு தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பாடுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"நல்லாத்தானே இருக்கு. இருக்கட்டும்லா" என்றாள் வசந்தகுமாரி.

"மைக் வழியா வரல, வசந்தா. இது கணக்குல சேராது."

"என் குரல்தானே அது? மைக்கோட குரலா?"

"அடுத்த வாரம் இதைவிட நல்லா வரும். இன்னும் ஏழு ஞாயிறு இருக்கு."

அண்ணன் நோட்டில் 'தவறான வழி, 38 நிமி.' என்று எழுதுவதையும், விரலால் இரண்டு முறை தட்டி அழிப்பதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தேநீர் போட்டாள்.

மே ஐந்தாம் தேதி குயில் கெடுத்தது. பன்னிரண்டாம் தேதி பாட்டுக்கு நடுவே அவள் இருமினாள். அவள் குரலும், பாடும்போது பக்கத்தில் ஒலிக்கவிடும் சுருதிப் பெட்டியும் ஒரே மைக்கில் விழுவது முறையில்லை என்று ரத்னவேலுக்குத் தோன்ற, பதினெட்டாம் தேதி சுருதிப் பெட்டிக்கென்று இரண்டாவது மைக் வந்தது. அங்கேதான் வேறு வினை பிடித்தது. ஒரு மைக் இருந்தவரை பெட்டியும் டேப்லெட்டும் ஒத்துப்போயின. இரண்டு மைக்குக்கும் மின்சாரம் கொடுக்க டேப்லெட்டுக்குத் தெம்பு இல்லை. பாதிப் பாட்டில் பொரி பொரிகிற சத்தம் வரும், பெட்டியின் விளக்கு அணையும். இரண்டு ஞாயிறு இப்படியே போயிற்று.

சுவரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுக்கும் ஹப் ஒன்றை இடையில் மாட்டினால் சரியாகும் என்றார் ஒலி முகம்மது. கைவசம் சரக்கில்லை, ஜூன் ஏழாம் தேதிதான் வரும். "அதுவரைக்கும் ஒரு மைக்கைக் கழட்டிட்டு எடுத்துருங்கண்ணே. தங்கச்சி பாடுறதுதான் முக்கியம், சுருதிப் பெட்டியா முக்கியம்?" என்று அவர் கேட்டதற்கு, ரத்னவேல் பணத்தை முன்னாலேயே கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். ஹப் இல்லாததால் ஜூன் இரண்டாம் தேதி பதிவே நடக்கவில்லை. நோட்டில் அந்த வரி 'இல்லை' என்றிருக்கிறது.

மூன்றாம் தேதி திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன். யாரோ ஒருவர் தம் தேதியை மாற்றிக்கொண்டதால் வியாழக்கிழமையே இடம் இருக்கிறது, கட்டி விஷயத்தில் சீக்கிரம் செய்வதுதான் நல்லது என்றார்கள். வசந்தகுமாரி சரி என்று சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்வாள்?

புதன்கிழமை மாலை அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டிய துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டேப்லெட் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தேய்த்துக்கொண்டே, "அண்ணே, இப்பப் பாடட்டுமா? சும்மா அதுலயே புடிங்க" என்றாள்.

ரத்னவேல் மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரப்போகும் ஹப்பை நினைத்தார். தங்கைக்குத் தைரியம் சொல்வதாகவும் ஒரு எண்ணம் அவருக்கு இருந்தது. இன்றைக்கே பிடித்து வைத்தால், நாளைக்குக் குரல் போய்விடும் என்று தாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகாதா?

"அவசரம் என்ன? வந்து நிம்மதியா பாடு. எல்லாம் சரியா செட் பண்ணி வைக்கிறேன்" என்றார்.

அவள் பாடத்தான் செய்தாள். தனக்காகப் பாடினாள். காயாத துணியின் பாட்டு, பிறகு பஸ் ஸ்டாப், பிறகு பிள்ளையார். கை நீட்டினால் டேப்லெட் எட்டும் தூரம். ரத்னவேல் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

கட்டி நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்தது. நரம்பை விட்டால் கட்டியின் மிச்சத்தையும் விடவேண்டிவரும் என்பதால் சேர்த்தே எடுத்துவிட்டோம் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். உயிருக்குப் பயமில்லை. குரல் எந்த அளவுக்குத் திரும்பும் என்று பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் ஹப் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்து வீடு திரும்பிய ரத்னவேல் அதை மாட்டினார். இரண்டு மைக்கும் உயிர் பெற்றன, விளக்கு அணையவில்லை, திரையில் பெட்டியின் பெயர் சரியாக நின்றது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, பதிவுப் பொத்தானைத் தொட்டார். காலி நாற்காலி முன்னால் இரண்டு நிமிடம் பத்து விநாடி ஓடவிட்டார். ஹெட்போனில் கேட்டால் ஒன்றுமே இல்லை. குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் அமைதி. நோட்டில் எழுதினார்: '07.06.2024. குறை இல்லை.' அந்த நோட்டில் அப்படி எழுதியிருக்கும் வரி அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு தேக்காவுக்குப் போனார். அழித்ததை எடுக்க முடியுமா என்று கேட்டார். ஒலி முகம்மது முக்கால் மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார். தொட்டியை வேறு காலி செய்திருக்கிறீர்கள், நகல் எங்கேயும் போகவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏண்ணே அழிச்சீங்க? இடம் அவ்ளோ காலியா கெடக்கே" என்றார்.

ரத்னவேலுக்குப் பதில் தெரியும். அலமாரியில் இடமில்லாமலா அவர் பழுதைத் தள்ளினார்? டேப்லெட்டில் அப்படி இன்னும் ஓராயிரம் பாட்டு அடங்கும். காசு வாங்க மறுத்த ஒலி முகம்மதுவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வசந்தகுமாரியின் பேச்சு இப்போது காற்றாகத்தான் வருகிறது. பக்கத்தில் இருந்தால் புரியும், அடுத்த அறையிலிருந்து கூப்பிட முடியாது. கரண்டியால் மேசையைத் தட்டிக் கூப்பிடுகிறாள். குரல் பயிற்சிக்கு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து தேதி போட்டுக் கடிதம் வரும். ரத்னவேல் ஒவ்வொன்றிலும் வந்த நாளை மூலையில் எழுதிக் கோப்பில் வைப்பார். கூடவே போவார். கடிதம் வருகிறவரை நம்பிக்கை இருக்கிறது என்று அவருக்கு ஒரு கணக்கு.

அக்டோபரில் ஒருநாள் அவள் ஒரு வழி சொன்னாள். பாட்டு வரிகள் அண்ணனிடம் எழுத்தாக இருக்கின்றன. அவள் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவாள், அவர் பாட வேண்டும். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'வந்த பஸ்ஸெல்லாம் உன் பஸ்ஸில்ல' என்று ஆரம்பித்தார். கை மேலே போயிற்று, குரல் கீழே போயிற்று. அவள் இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி பாடினார். நாலாம் தடவை அவள் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, காற்றுக் குரலில் சொன்னாள்: "விடுங்கண்ணே. அந்த பஸ் போயிருச்சு."

"அன்னைக்கு நீ சொன்னப்ப கேட்டிருக்கணும், வசந்தா. அந்த முப்பத்தெட்டு நிமிஷம்."

"நீங்கதான் கேட்டீங்கல்ல" என்றாள். "வேற யாரு கேட்டா?"

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் ரத்னவேலுக்கு இப்போது ஒன்று பயமாக இருக்கிறது. பஸ் ஸ்டாப் பாட்டில் குரல் மேலே போய் நின்று இறங்கும் இடத்தை, முன்பெல்லாம் கண்ணை மூடினால் கேட்க முடிந்தது. இந்த வருடம் தைப்பூசத்தன்று நினைத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் அவருடைய சொந்தக் கட்டைக் குரல்தான் கேட்டது.

தைப்பூசம் கழிந்த மறுவாரம் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று வந்தது. பிரித்தால் உள்ளே அடுத்த தேதி இல்லை. குரல் இதற்குமேல் தேறும் என்று எதிர்பார்க்க இடமில்லை, இனிப் பயிற்சிக்கு வரவேண்டியதில்லை என்று நாலு வரி இருந்தது. வசந்தகுமாரி வாசித்துவிட்டு மடித்து அண்ணனிடம் கொடுத்தாள்; இஸ்திரிப் பெட்டியைச் சூடாகப் போட்டுவிட்டுத் துணிகளை எடுத்து வைத்தாள். ரத்னவேல் மின்விசிறியை நிறுத்தவில்லை. டேப்லெட்டை மேசையில் வைத்து, எந்த வயரும் மாட்டாமல், பதிவுப் பொத்தானைத் தொட்டார். துணியின்மேல் இஸ்திரி ஓடும் சத்தமும், இடையிடையே அவள் விடும் மூச்சும் பத்தொன்பது நிமிடம் பதிவாயின. அதை அவர் அழிக்கவில்லை. நோட்டில் குறை என்ற இடத்தை வெறுமையாக விட்டார்.

பிறகு பேனாவை எடுத்துக் கடிதத்தின் மூலையில் வந்த நாளை எழுதினார்: 19.02.2025, புதன்கிழமை.